விலா

மூலைக்கரைப்பட்டி விலக்கில்
வண்டி சாய்ந்தது எனக்கு முன்னே
வாழைத்தார்களுக்குத் தெரிந்துவிட்டது.
எல்லாம் இடப்பக்கம் சரிந்து
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஆனிக் காத்து.
தென்காசிப் பக்கம் சாரலாம்.
இங்கே வருவது அதன் மிச்சம்,
மண்ணை அள்ளி மூஞ்சியில் போடுகிற வேலை மட்டும் அதற்கு.

மசூது சக்கரத்தைக் கழற்றி
தொட்டியில் அமுக்கினான்.
பாசி பிடித்த தண்ணி.
ஒரு குமிழி.
யோசித்து, இன்னொன்று.
பிறகு உலை கொதிக்கிற மாதிரி வரிசையாக.
இடுக்கியால் இழுத்துக் காட்டினான்:
உடைமுள், சுண்டுவிரல் நீளம்,
நுனிகூட முறியவில்லை.
"நெஞ்சுல குத்திருந்தா நூத்தம்பதுல முடிஞ்சிரும்க்கா.
இது விலாவுல லா குத்திருக்கு."

விலாவில் திரி நிக்காது.
ஓடும்போது மடங்கி மடங்கி நிமிர்கிற இடம் அது,
எந்தப் பசையையும் துப்பிவிடும்.
எனக்குத் தெரியாதா.
நெஞ்சில் ஏற்கெனவே அஞ்சு திரி,
சாக்பீஸால் வட்டம் போட்டு எண்ணினான்.
ஒன்று முனைஞ்சிப்பட்டியில் லாட ஆணி.
ஒன்று கல்யாண மண்டப வாசலில் பந்தல்காரன் விட்ட கம்பி.
மற்ற மூன்றும் யார் கொடுத்ததோ.

புதுசு மூவாயிரத்து எழுநூறு.
யாரோ ஓட்டிக் கழித்தது ஆயிரத்து நானூறு,
அதன் விலாவில் நாலு எண்:
அந்த வருசம் நான் லைசென்சே எடுக்கவில்லை.
உள்ளே ஒட்டுப்போட்டு ட்யூப் சொருகினால் ஐநூறு.
இன்றைக்குத் தேதி ரெண்டு.
அஞ்சாம் தேதி வண்ணார்பேட்டைக்குக் கட்ட வேண்டியது
ஒன்பதாயிரத்து இருநூறு,
சீட்டுக்கு அடியில் மஞ்சப் பையில் இருக்கிறது,
நூறு குறைய.

"நாளைக்கு என்ன லோடு?"
"காய்தான்" என்றேன்.
காய் என்றால் ஒட்டலாம்.
டயர் வெடித்தால் காய் ரோட்டில் உருளும்,
ஏவாரி ரெண்டு வார்த்தை வைவான்,
அதோடு சரி.
மசூது ட்யூபை எடுத்து உதறினான்.
மாவு பறந்தது.

அப்போதுதான் முப்புடாதி போன்.
கை முழுக்க கிரீசு, ஸ்பீக்கரில் போட்டேன்.
"ஏ பிரமு, நாளைக்கு சிங்கிகுளம் நடவுக்கு பதினோரு பேரு.
சுடலி பிள்ளையத் தூக்கிட்டு வாரா,
அவள மட்டும் முன்னால ஏத்திக்கிடு.
அஞ்சரைக்கு வந்துருவேல்லா?"
வந்துருவேன் என்றேன்.

மசூது என்னைப் பார்க்கவில்லை.
ட்யூபைப் பலகையில் வைத்தான்,
கையைத் துடைத்தான்,
எதிர்த்த கடைக்கு டீ குடிக்கப் போனான்.
ஏதாவது சொல்லியிருந்தால்
நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.
ஆளை ஏத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா என்பான்,
பஸ்ஸு அஞ்சரைக்கு வருதாலே என்பேன்,
அந்தச் சண்டையில் டயர் மறந்துபோயிருக்கும்.

தார்களில் ஒன்று மஞ்சள் காட்டத் தொடங்கியிருந்தது.
நயினார்குளம் மார்க்கெட்டில் இந்நேரம்
ஏலம் முடிந்து தண்ணி தெளித்திருப்பார்கள்.
சீட்டைத் தூக்கினேன்.
மஞ்சப் பையின் முடிச்சு
நான் போட்டதுதான், அவிழவில்லை.
பல்லால் கடித்தேன்.

புதுசுதான்.
மேலெல்லாம் பூனை மீசை மாதிரி ரப்பர் மயிர்,
மசூது தட்டி மாட்டும்போது கூசியது போல் ஆடியது.
பழசைத் தூக்கி எறியவிடவில்லை நான்.
அதில் ட்யூப் போட்டு ஸ்டெப்னியாக வை என்றேன்.
இருக்கிற ஸ்டெப்னியை நீ பார்த்ததில்லையே, என்றேன்.
பார்த்தான். சிரித்துவிட்டான்.
நாலாயிரத்து இருநூறு, கழற்றி மாட்டின கூலி தனி.
அந்தக் கூலியை மட்டும் பிறகு வாங்கிக்கிடுதேன் என்றான்.

அஞ்சாம் தேதிக்காரனுக்கு என்ன சொல்வது என்று
நாங்குநேரி வரைக்கும் யோசித்தேன்.
ஒன்றும் வரவில்லை.

நாளை விடியும்முன் ஏறுகிறபோது
பதினோரு பேரில் ஒருத்திகூட
சக்கரத்தைக் குனிந்து பார்க்கப் போவதில்லை.
இருபது ரூபாய் கூடுதல்,
பதினஞ்சு வாங்கு என்று
முப்புடாதி வண்டியைப் பிடித்துக்கொண்டு
சண்டைக்கு நிற்பாள்.
நிற்கட்டும்.