கைநாட்டு

யாழ்ப்பாணக் கோட்டையில் இருக்கும்
பெரிய சத்திர துரை சமூகத்துக்கு,
முல்லைத்தீவுக் கொத்தளத்துச் சேவகன்
நிக்கலாசு வீரவாகு, வயது பத்தொன்பது,
தெண்டனிட்டு எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

(நிக்கலாசு தோம்பில் உள்ள பெயர்.
கும்பனியில் ஒரு துட்டு வாங்கவும் அது வேண்டும்.
கிணற்றடியில் யாரும் என்னை
அப்படிக் கூப்பிட்டதில்லை.)

தெயுனிசு துரையிடம் ஐந்து வருஷம் நின்றேன்.
முதல் வருஷம் சிரைத்தேன்:
நாற்பது சிப்பாய்த் தாடை, கிழமைக்கு இரண்டு தரம்.
சவரக்கத்தி பிடித்தவனுக்கு
எங்கள் பந்தியில் இலை இல்லை என்று
முள்ளியவளையில் மாமன் படலையைச் சாத்தினார்.
இதை எழுத வேண்டாம்.

பிறகு பல். பிறகு கட்டி கீறல், இரத்தம் வாங்கல்.
நாலாம் வருஷம் வாள்.
காட்டுக்குப் போ, முதிரைக் கொப்பு அறு,
எண்ணிக்கொண்டே அறு, நூறுக்குள் விழவேணும் என்றார்.
முதல் நாள் முந்நூறு.
மாரி முடியும்போது தொண்ணூறு.
என் உள்ளங்கையில் அந்த மரத்தின் வாசம்
சோற்றிலும் ஏறியது.

சென்ற ஆனியில், பனங்காமத்தில்,
யானை அடைக்கும் பட்டியில் வார்க்கயிறு இறுகி
உதுமாப் பணிக்கனின் வலக்கை நசிந்தது.
மூன்றாம் நாள் கறுத்தது.
துரைக்கு அன்று காய்ச்சல்.
(சாராயம். காய்ச்சல் என்றே இருக்கட்டும்.)
அறுத்தது நான்.
பாலைமர நிழல், நாலு பேர் அமத்திப் பிடிக்க,
பணிக்கன் கத்தவில்லை, கலிமா சொன்னான்.
நான் எண்ணினேன்.
அறுபத்தொன்றில் வாள் நின்றது.
கை என் மடியில் கிடந்தது,
நசியாத சுண்டுவிரலில் வெள்ளி மோதிரத்தோடு.
கழற்றிக் கொடுத்தேன்.
மற்றக் கையை நீட்டினான்.

'நானே அறுத்தேன்' என்று
புத்தகத்தில் எழுதினார் துரை.
மைக்கூடு பிடித்தவன் நான்.

புரட்டாதியில் மெய்யாகவே காய்ச்சல்.
மூன்று தரம் இரத்தம் வாங்கு என்றார், வாங்கினேன்.
தண்ணீரூற்றுப் பரியாரி நிலவேம்புக் கசாயத்தோடு
வாசலில் நின்றான்.
அந்தக் கறுப்புத் தண்ணியை வெளியே ஊற்று என்றார்.
நாலாம் தரத்துக்கு முன்
கத்தியை அரிசிப் பானைக்குள் ஒளித்தேன்.
பிந்திவிட்டேன்.

இதில் எந்த வரியை எழுதுவது?
'எசமான் சொற்படி நடந்தேன்' என்று கீறி
ஓலையைக் கொஞ்ச நேரம் பார்த்திருந்தேன்.

உத்தியோகத்துக்கு நற்சாட்சி வேண்டுமாம்.
தரவேண்டியவர் கொத்தளத்துக்குப் பின்னால்
பூவரசின் கீழ்.

கூலிப் பாக்கி கேட்க முசலியிலிருந்து
நடந்து வந்திருந்தான் பணிக்கன்.
ஓலையை நீட்டினேன்.
"எழுத்துத் தெரியாது தம்பி, கைநாட்டுத்தான்.
அந்தக் கையை நீதானே புதைச்சாய்?"
சிரித்தான்.
எனக்குச் சிரிக்க ஏலவில்லை.
இடக்கையால் எழுத்தாணியைப் பிடித்து
ஒரு கோடு இழுத்தான், கோணலாய், ஓலை கிழியுமளவுக்கு.
பிறகு துணியை அவிழ்த்துக் காட்டினான்.
ஏழு தையல்.
ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தேன்.
ஒன்றும் பிரியவில்லை.
"நம்பாட்டிச் சொல்லு, நானே வந்து காட்டுறன்."

கந்தோரில் எழுத்துக்காரர் மனுவேல்
ஓலையை முன்னும் பின்னும் திருப்பினார்.
"இதென்ன கீறு?"
"சாட்சி."
லாச்சியை இழுத்தார், போட்டார், பூட்டினார்.
வாடை ஓயவேணும், தோணி ஓடவேணும்,
மறுமொழி வர மாசியாகும் என்றார்.

நந்திக்கடல் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.
போகத் திரும்பினேன்.

"நில்லும்."
கன்னத்தைப் பொத்திக்கொண்டிருந்தார்.
"கடைவாய்ப் பல். நாலு நாளாய் நித்திரையில்லை."

மடியிலிருந்த குறட்டை எடுத்தேன்.
வெளிச்சத்துக்குத் திரும்பும், என்றேன்.