ஐந்து சென்ட்

பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்கு
நின்றபடியே வந்தேன், தக்காளிக் கிரேடுகளுக்கு நடுவே.
கையில் கோப்பு. கோப்புக்குள் நான்:
தீ. செண்பகவல்லி, எம்.எஸ்சி., நானோ பொருள் அறிவியல்,
புகைப்படத்தில் உதட்டை இறுக மூடியபடி.

இரண்டு வருஷம் என்ன படித்தாய் என்றால்
பாதி நாள் பீக்கர் கழுவினேன்.
குழாய்த் தண்ணீரில் ஒருமுறை,
வடிநீரில் மூன்று முறை,
அதற்கும் மேல் ஒருமுறை, நம்பிக்கை இல்லாமல்.
சேலத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி
இருபது நிமிஷம் கிடைக்க ஏழு வாரம் காத்திருந்தேன்.
மாதிரி சரியாக உலரவில்லை.
பதினெட்டு நிமிஷம் சாம்பல் மூட்டம்.
நோட்டில் அப்படியே எழுதினேன்: சாம்பல் மூட்டம்.

என் ஆய்வு, ஃப்ளோரைடு தண்ணீரும் அலுமினாப் பொடியும்.
ஒரு கிராம் பொடியின் மேற்பரப்பை முழுக்க விரித்தால்
ஐந்து சென்ட் வரும்.
அப்பாவும் சித்தப்பாவும் பதினோரு வருஷமாகக்
கோர்ட்டில் அளந்துகொண்டிருக்கும் அதே ஐந்து சென்ட்,
ஒரு சிட்டிகைக்குள்.
அப்பாவிடம் சொன்னேன்.
"பட்டா யார் பேர்ல?" என்றார்.

கூடப் படித்த பதினான்கு பேரில்
ஆறு பேர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறார்கள்.
நஸ்ரீன் பெயிண்ட் கம்பெனியில்.
மாதேஷ் கிருஷ்ணகிரியில், மாமாவின் கிரானைட் லாரிக்குக் கணக்கு.

பேட்டரித் தொழிற்சாலை. நேர்காணல் அறையில் குளிர்.
மேசைமேல் யாரும் தொடாத பிஸ்கட்.
"நானோ படிச்சுட்டு இங்க என்ன பண்ணுவீங்க?"
மனப்பாடப் பதில்கள் மூன்று வைத்திருந்தேன்.
"பொடி சரியில்லைன்னா சொல்லுவேன்" என்றேன்.
"அது இங்க யாருக்கும் பிடிக்காதே?"
"அப்பவும்."
சொல்லும்போதே கை தானாக வாயை மறைத்தது.
பற்களில், எங்கள் போர்வெல் எழுதிய பழுப்புக் கோடுகள்.

முனிரத்தினம் சார் சிரிக்கவில்லை.
பேனாவை மூடிவிட்டு
"எந்த ஊர்த் தண்ணி?" என்றார்,
தன் உள்ளங்கையையும் உதட்டருகே வைத்துக்கொண்டு.

அதனால் கிடைத்த வேலை அல்ல இது என்று
எனக்கு நானே இன்னும்
நிரூபித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது ஷிப்ட்.
கறுப்புக் கூழ், துகள் அளவுமானி, திரையில் ஒரு வளைகோடு.
நேற்று இரவு இரண்டே முக்காலுக்கு
கோட்டின் வலது ஓரத்தில் சின்னப் புடைப்பு.
துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வரும்.
கருவியைச் சரியாகக் கழுவாவிட்டாலும் வரும்.
கழுவினேன். ஒருமுறை. மூன்று முறை.
அதற்கும் மேல் ஒருமுறை.
புடைப்பு அங்கேயே இருந்தது.

லைன் ஒரு நிமிஷம் நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று
சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.
அதைப் பார்த்துக்கொண்டே போனை எடுத்தேன்.
"நிறுத்துங்க" என்றேன்.
"யாரு பேசறது?" என்றது மறுமுனை.
முழுப் பெயரையும் சொன்னேன், தலைப்பெழுத்தோடு.

கை வாய்க்குப் போகவில்லை.
முகக்கவசம் போட்டிருந்தேன்,
அதனாலும் இருக்கலாம்.