முப்பத்திரண்டு பாகை

ஊரே விசிறி தேடும் ஊரில்
தடாகத்துக்கு அடுப்பு மூட்டுகிறவன் நான்.
உவர்மலையில் இந்தச் செய்தி
பால்காரருக்கு முன்னே வீடுவீடாகப் போய்விட்டது.
"கன்னியாவில ஏழு கிணறு சும்மா கொதிக்குது,
இந்த மனிசனுக்கு விறகு கேக்குது."

கன்னியாவில் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றலாம்.
இறங்கி மிதக்க ஏலாது.
அதை எத்தனை மதிலுக்கு மேலால் சொல்வது?

மார்கழி. வாடை
குளிப்பறை யன்னலை இரவெல்லாம் அடித்துத் திறக்கிறது.
தடாகத்தில் இருபத்தைந்து பாகை.
எனக்கு அது வெறும் தண்ணீர்.
வலப்பக்கம் விழுந்த தவச்செல்விக்கு
அது ஆயிரம் ஊசி.
முப்பத்திரண்டாவது வேணும் என்றார் பயிற்சிக்காரர்.
கறண்டில் காய்ச்சினால் எவ்வளவு வரும் என்று
கொப்பியில் எழுதிப் பார்த்தேன்.
கொப்பியை மூடினேன்.

கிண்ணியாவிலிருந்து ஜவ்பர் லொறியில் கொண்டுவந்தது
துருவேறிய ஒரு மிதவை.
துறைமுகத்தில் கழித்து ஏலம் போட்டது,
நாற்பது வருடம் கப்பல்களைப் பிடித்து வைத்த இரும்பு.
ஒட்டியிருந்த சிப்பியை உளியால் தட்டி உதிர்த்தான்.
நெருப்புக்கு ஒரு வாய், புகைக்கு ஒரு மூக்கு,
உள்ளே செப்புக் குழாய் எட்டுச் சுற்று.
"மேல காத்துக்கு வழி வெச்சிருக்கன்,
அடைச்சிராதீங்க சேர்.
கொதி ஏறினா இது குண்டு."
அந்தச் சொல் விழுந்த இடத்தில்
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.
பிறகு அவன் பிளேன்ரீ கேட்டான்.

முதல் இரவு ஈர வேம்பு.
சூடு வரவில்லை, புகை வந்தது,
பக்கத்து வீட்டுக் கொடியில்
பெனடிக்டா ரீச்சரின் வெள்ளைச் சேலைக்குப் போனது.
"இது வீடோ, தார் காய்ச்சிற இடமோ?"
நான் பதில் சொல்லவில்லை.
சக்கர நாற்காலியை மட்டும் மதில் பக்கம் திருப்பினேன்.
அது நியாயமில்லை, தெரியும்.
அடுத்த நாள் காற்றில் முறிந்த மாங்கொம்பு
அறுத்து அடுக்கி வந்து சேர்ந்தது,
ஒரு கட்டளையோடு:
புதனும் வெள்ளியும் எரிக்கக் கூடாது,
உடுப்புத் தோய்க்கிற நாள்.

மா சடசடத்துச் சீக்கிரம் முடியும்.
மரக்காலையில் வாங்கிய பாலைத் துண்டுகள்
பேசாமல் விடியும்வரை கிடந்து கனலும்.
ஆறு மணித்தியாலத்துக்கு ஒன்றரைப் பாகை ஏறும்.
விடிய வாடை வந்து ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்.
வங்கியில் முப்பது வருடம் இருந்தவன்,
இப்படி ஒரு வட்டியைக் கண்டதில்லை.
தறப்பாள் வாங்கிப் போர்த்தினேன்.
தண்ணீருக்குப் போர்வை!
அதற்கும் ஒரு நாள் ஊர் சிரித்தது.

இருபத்தெட்டு.
மழை. இருபத்தாறரை.
மழைவிட்டு, இருபத்தொன்பது.
வெப்பமானியை நூலில் கட்டி
மீனுக்குக் காத்திருப்பவனைப்போல இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
புகை மணம் தலையணைவரை வந்தது.
அவள் மூக்கைச் சுளிப்பாள், இடப்பக்கத்தால்.
எட்டு மாதமாக அவளிடம் இருந்த ஒரே பேச்சு அது.

எத்தனையாவது நாள், எண்ணுவதை விட்டிருந்தேன்.
முப்பத்திரண்டு.
தறப்பாளைச் சுருட்டினேன்.
ஆவி கொஞ்சம் எழும்பி, வாடை கண்டு, ஓடியது.
கக்கத்துக்குள் கைகொடுத்து அவளை இறக்கினேன்
சூட்டுக் குழாய் திறக்கும் மூலையில்,
அங்கேதான் நல்ல இதம் என்று.
கால் இரண்டும் மேலே வந்தன.
எது செத்த கால் என்று
தண்ணீருக்குத் தெரியவில்லை.
முகம் சுளித்தாள். வாய் கோணி எதையோ தேடியது.

"சூடு," என்றாள்.
பிறகு, மெதுவாக, முழுசாக:
"சூடு கூடிப்போச்சு."

முப்பத்தொரு வருடம்
தேத்தண்ணிக்கும் சோற்றுக்கும் வெந்நீருக்கும்
நான் வாங்கிய அதே குற்றப்பத்திரிகை!
அவளைப் படிக்கட்டில் சாய்த்துவிட்டு
எந்த வால்வைப் பூட்டுவது என்று மறந்து
ஈரக்காலோடு மிதவையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

மதிலுக்கு மேலால் ரீச்சரின் தலை.
"ஏன் புகையுது?
இண்டைக்கு வெள்ளியெல்லோ?"