பூஞ்சணம் இல்லை

திருகாணி பொறுக்குகிற சாமணத்தால்தான்
பூவைப் பிரித்தேன்.
பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கால்களைப்
பூட்டிப் பூட்டிப் பழகிய கை.
நாளைக்கு விரியவிருந்த பூ.
உள்ளே மஞ்சள் கூம்பு. அதைக் கிள்ளி எடுத்தால்
மிஞ்சுவது மயிரிழையாய் ஒரு பச்சைத் தண்டு.
அதன் நுனியில் வைத்தேன்
மற்றச் செடியின் தூளை.
காம்பில் சிவப்புக் கம்பளி நூல், ஒரு முடிச்சு.
கொப்பியில் திகதி.

கொட்டாஞ்சேனையில் நாலாம் மாடிக்கும் மேலே,
தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால்
இருபத்தாறு ஐஸ்கிரீம் வாளிகள்.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.
உப்புக்காற்று. காகம். அணில்.
வைகாசி மழையில்
இரவு நிமிர்ந்து நின்று
காலையில் தலை தொங்கியவை பதினொன்று.

தாய்ச்செடி நீலம். பளபளவென்று
கத்தரிக்காய்க்கு ஒன்றுவிட்ட சகோதரி.
தகப்பன் மங்கல் மஞ்சள், உடம்பெல்லாம் பூனைமயிர்,
கீழ்வீட்டு அஸ்ஜத்தின் மேலுதட்டில்
இந்த வருஷம் வந்ததைப் போல.
பிள்ளைகள் காய்த்தன.
ஒன்றிலும் மயிர் இல்லை.
உள்ளே ஒளிந்திருக்கிறது,
அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றுக்கு வரும்
என்று தெரியும்.
தெரிந்தும் கோபம் வந்தது.
ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.
உடுப்புக் காயப்போட வந்த மிஸ்ரியா
திரும்பி இறங்கிப் போனாள்.

பிறகுதான் இந்த வாளிகள்.
மிஞ்சிய பதினைந்தில் நான்கு மயிரோடு.
அதில் மூன்று வெறும் சிவப்பு.
பதினாலாம் வாளியில் ஒரே ஒரு பழம்:
வெயில் பட்ட தோள் கருநீலம்,
அதன்மேல் சாம்பல் புகைபோல மயிர்.
இரவுத் தூறல் தோலைத் தொடாமல்
மயிர் நுனிகளில் நின்றது.
நீலம் வெயிலுக்குத்தான் வரும்.
ஒரு இலை படுத்துக் கிடந்த இடத்தில்
அந்த இலையின் படம்
அப்படியே, பச்சையாக.

பறித்துக் குசினி ஜன்னலில் வைத்துவிட்டு
வேலைக்குப் போனேன்.
மட்டக்குளியிலிருந்து வந்திருந்த மச்சாள் பவளராணி
சும்மா இருக்கத் தெரியாதவள்.

"அத்தான், உங்கட தக்காளி ஒண்டு
பூஞ்சணம் பிடிச்சுக் கிடந்தது.
மீன் செதிலோட கட்டி எறிஞ்சிட்டன்."

படி நாலையும் நான் இறங்கவில்லை,
விழுந்தேன் என்றே சொல்லவேண்டும்.
சந்தியில் மாநகரசபை லொறி.
உக்குகிற குப்பையின் உச்சியில் ஒருவர்.
மோதிரம் விழுந்துவிட்டதா என்று
சிங்களத்தில் கேட்டார்.
என் சிங்களம் எப்போதும் பாதியில் நிற்கும்.
ஆனால் தக்காளிக்கு
இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே பெயர்.
அவர் என்னைப் பார்த்தார்.
என் சப்பாத்தைப் பார்த்தார்.
பிறகு கையுறையோடு
பை பையாக அவிழ்க்கத் தொடங்கினார்.
பின்னால் ஒரு முச்சக்கரவண்டி
ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

பாதி நசுங்கியிருந்தது.
மயிரெல்லாம் செதில்.
ருசி எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை.
எனக்கும் தெரியாது.

சதையோடு விதையை வழித்து
ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு
அதே ஜன்னலில் வைத்தேன்.
மூன்றாம் நாள் மேலே வெள்ளையாய் ஆடை படர்ந்து
வீடு முழுக்கப் புளித்த நாற்றம்.
மச்சாள் கிளாஸுக்கு முன்னால்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.
"அத்தான், இது?"
"இது பூஞ்சணம்தான்.
எறியக்கூடாது."
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
அன்று பின்னேரம் பஸ் ஏறிவிட்டாள்.

கழுவி, பழைய லொத்தர் சீட்டின் பின்புறத்தில்
காயவைத்து எண்ணினேன். முப்பத்தெட்டு.
கடைக் கண்ணாடியை மாட்டி
இன்னொருதரம் எண்ணினேன்.
முப்பத்தேழு.
ஒன்று மீன் செதில்.