இரவல் கை

லியபாயாவிலிருந்து வந்த கோப்பைத் திறந்தபோது
பாலம் ஒருக்களித்துப் படுத்திருந்தது.
நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் நடைபாலம்,
ஒற்றைத் தூண், பதினான்கு வடங்கள்,
எல்லாம் சரி. ஆனால்
தூண் வானத்தைக் காட்டவில்லை,
சன்னலைக் காட்டியது.

வரைந்தவன் ரைத்திஸ். அவனுக்கு ஒய்தான் மேலே.
விஸ்மாவின் மென்பொருளில் இசட்தான் மேலே.
இதில் யாரும் யாரையும் திட்ட முடியாது.
இதை எழுதும் என் மொழியிலேயே பாருங்கள்,
மேற்குக்குள் மேல் இருக்கிறது,
கிழக்குக்குள் கீழ்.
யாரோ ஒரு மலைச்சரிவில் நின்று பெயர் வைத்துவிட்டார்கள்,
சமவெளிக்காரர்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம்.

"பாலத்தை ஏன் திருப்புகிறாய்? பூமியைத் திருப்பு"
என்றான் ரைத்திஸ் தொலைபேசியில், எதையோ மென்றுகொண்டே.
புவியீர்ப்பு என்ற கட்டத்தில்
இசட்டுக்கு எதிரே இருக்கும் எண்ணை அழித்து
ஒய்க்கு எதிரே எழுதினால் போதும்.
ஒன்பது புள்ளி எட்டு ஒன்று, முன்னால் ஒரு கழித்தல் குறி.
ஒரு நிமிட வேலை.

செய்திருக்கலாம்.
ஆனால் காற்றை ஏற்கெனவே எழுதியாகிவிட்டது,
நடப்பவர்களின் கூட்டத்தையும்,
எல்லாம் இசட்டை நம்பி.
பூமியைத் திருப்பினால் ஒவ்வொருவரிடமும்
தனித்தனியே போய்ச் சொல்ல வேண்டும்.
படுத்திருப்பதை எழுப்புவதே மேல்.

எக்ஸைச் சுற்றித் தொண்ணூறு பாகை.
எழுந்து நின்றது.

மிஞ்சியது பனிச்சுமை.
நடைதளம் ஒரு கரைக்கு லேசாகச் சாய்வதால்
அதற்கென்று தனி அச்சுகள் வேண்டும்.
மூலையில் ஒரு புள்ளி, எக்ஸ் போகும் பக்கம் ஒன்று,
ஒய் இருக்கும் பக்கம் இன்னொன்று.
இசட்டை மென்பொருள் தானே கண்டுகொள்ளும்,
வலக்கை விதிப்படி.
கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்,
கல்லூரி முதலாண்டிலிருந்து
விரித்து விரித்துப் பார்த்த மூன்று விரல்.

அவளுடைய வலக்கை மாவுக்கட்டில் இருந்தது.
போன வாரம், டிராம் நிறுத்தத்தில்,
கண்ணாடியாய் உறைந்த தரையில், இரண்டு பைகளோடு.
அதனால் இடக்கையை விரித்தாள்.
விரித்தது தெரியாமலே விரித்தாள்,
தேநீர்க் கோப்பையை எடுப்பது போல.

விடை வந்தது. பனிச்சுமை மட்டும்:
நடுத்தளத்தில் நாற்பத்தொரு மில்லிமீட்டர்.
நியாயமான எண். வரம்புக்குள்.
அறிக்கையில் ஒட்டியும் விட்டாள்.
அசைவுப்படத்தை ஓடவிட்டபோதுதான்
பாலம் முதுகைத் தூக்கியது,
சோம்பல் முறிக்கும் பூனை மாதிரி.
பதினான்கு வடங்களும் அமுக்கத்தில் இருந்தன,
கயிற்றைக் கொண்டு கதவைத் தள்ளுவது போல.
கௌயா ஆற்றுக்குள்ளிருந்து
மேல்நோக்கிப் பெய்துகொண்டிருந்தது பனி,
சதுர மீட்டருக்கு நூற்றைம்பது கிலோ.

சிரிப்பு வந்தது. பிறகு நின்றது.
வரம்புக்குள் இருந்ததே.
யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இடக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
எப்படித் திருப்பினாலும் அது இடக்கைதான்.
மாவுக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த விரல் நுனிகள்
வீங்கி, ஒன்றும் தெரியாதவை போல இருந்தன.
ஆறரை மணி. மாடியில் வேறு யாருமில்லை.
கீழே இறங்கிப் போய்
காவலாளி ஏவால்ட்ஸிடம் சொன்னாள்:
உங்கள் வலக்கை கொஞ்ச நேரம் வேண்டும்.

அவர் குறுக்கெழுத்தை மூடிவைத்துவிட்டு வந்தார்.
கட்டைவிரலைத் தளம் போகும் பக்கம்,
சுட்டுவிரலை... இல்லை, இந்தப் பக்கம்.
நடுவிரல் இப்போது?
"கூரையைப் பார்க்கிறது" என்றார்.
"வலிக்கவும் செய்கிறது."

மூன்றாம் புள்ளியை மறுபக்கக் கைப்பிடிக்கு மாற்றினாள்.
கணக்கு முடிய ஆறு நிமிடம்.
அதே நாற்பத்தொன்று, இம்முறை கீழே.
வடங்கள் விறைத்தன.

"இதுதான் சரியா?"
"இதுதான்."
"முன்னேயும் இதே எண்தானே இருந்தது?"
அவள் பதில் சொல்லவில்லை,
அறிக்கையில் ஒரு பக்கத்தை அழித்துக்கொண்டிருந்தாள்.
நாற்காலிக்குப் பின்னால் அவர்
மூன்று விரலையும் இன்னும் விரித்தபடி,
உடையக்கூடிய எதையோ தாங்குபவர் போல நின்றார்.
"இறக்கலாமா?"