வேலந்தாவளம், இரண்டாம் ஆட்டம்

எல்லைக்கல் முதல் வரிசைக்கும் திரைக்கும் நடுவில்.
திரை கேரளத்தில் நிற்கிறது,
கார்கள் தமிழ்நாட்டில்.
வரி கேட்டு இரண்டு பக்கமும் வந்தார்கள்.
படம் ஓடுவது எங்கள் மண்ணில் என்றார் ஒருவர்.
பார்ப்பது எங்கள் மண்ணில் என்றார் மற்றவர்.
ஒலி எந்த மண்ணிலும் இல்லை சார்,
எண்பத்தெட்டுப் புள்ளி இரண்டில் இருக்கிறது என்றேன்.
இரண்டு ரசீதும் என் பர்ஸில் இருக்கின்றன.

நான் ஜெசிந்தா.
ஒரு டெம்போ, ஒரு ஜெனரேட்டர், ஒரு புரொஜெக்டர்.
மடித்தால் மெத்தை, ஊதினால் இரண்டு மாடி: திரை.
அதைப் பிடிக்கப் பன்னிரண்டு கயிறு,
கயிற்றைப் பிடிக்கப் பன்னிரண்டு டிரம் தண்ணீர்,
தண்ணீரைத் தூக்க அந்தோணிச்சாமியும் ஷிஜுவும்.
சினிமா என்பது பெரும்பாலும் தண்ணீர் சுமப்பது.

இங்கே காற்றுக்கு வேறு வழியில்லை.
மலை விட்ட ஒரே சந்து.
அரபிக்கடலில் கிளம்பியதெல்லாம்
நாச்சிமுத்துவின் கடலைக்காட்டில் புகுந்துதான்
கோயம்புத்தூர் போயாக வேண்டும்.
ஆனி பிறந்தால் திரை மூச்சு வாங்கும்;
கதாநாயகியின் கன்னம் உள்ளே போய் வெளியே வரும்.
கர்க்கடகத்தில் கடை கிடையாது.

வண்டிக்கு இருநூறு. ஆளை எண்ணமாட்டேன்.
ஒரு சுமோவிலிருந்து பதினான்கு பேர் இறங்கியதுண்டு,
ஓர் ஆடும்.
ஹெட்லைட்டை அணைங்க, லைட் ஓஃப் செய்யூ என்று
கத்திக் கத்தி என் குரல்
ஐஸ் விற்கிறவன் குரல் ஆயிற்று.

அந்த ஓம்னி சனிக்கிழமைதோறும் வரும்.
கடைசி வரிசை. திரைக்கு முதுகு காட்டி நிறுத்துவார்.
அண்ணா, திருப்பிப் போடுங்க என்றேன் முதல்நாள்.
இறங்கிவந்து பின்கதவைத் தூக்கினார்.
சீட்டைக் கழற்றிவிட்டு விரித்த பாயில்
ஓர் அம்மாள் ஒருக்களித்துப் படுத்திருந்தார்,
தலைக்கு மூன்று தலையணை, இடுப்போரம் பிளாஸ்க்.
"மறைக்கறே, நகரு" என்றார் என்னிடம்.

அவர் முன்சீட்டிலேயே இருப்பார்.
எதிரே பைபாஸ் விளக்குகள்.
படம் அவருக்குக் கண்ணாடியில்,
நான்கு விரல் அகலம், இடம் வலமாக.
இடைவேளையில் கேட்டால் கதையைச் சரியாகத்தான் சொல்வார்,
வில்லன் இடக்கைக்காரன் என்பதைத் தவிர.

போன சனி, பதினொன்றேகால்.
எட்டாம் டிரம் ஒழுகுவதை யாரும் பார்க்கவில்லை.
ஒரு கயிறு விட்டது.
மற்றவை அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.
திரை எழுந்தது, யோசித்தது,
முதல் வரிசை ஆல்ட்டோவைப் போர்த்திக்கொண்டு படுத்தது.
உள்ளே ஒரு குழந்தை சிரிக்கும் சத்தம்.
புரொஜெக்டர் அதுபாட்டுக்கு எறிந்தது:
வாய்க்கால் மேல் கொஞ்சம்,
அப்பால் தென்னந்தோப்பில் மட்டை மட்டையாக
ஒரு முகம்.

ஒலி நிற்கவில்லை.
முப்பத்தொரு வண்டியிலும் ஒரே பெண் அழுதாள்.
பணத்தைத் திருப்பிக் கொடுக்க டப்பாவோடு நடந்தேன்.
ஒருவரும் கண்ணாடியை இறக்கவில்லை.
ஒருவர் மட்டும் கையால் சைகை காட்டினார்,
போம்மா, அப்புறம்.

கடைசி வரிசையில் முன்சீட்டு காலி.
பாயின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு
உட்கார்ந்திருந்தார் அவர்.
அம்மாள் இருட்டைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்:
"இப்பத் திரும்பறா. பாருங்க. கதவுகிட்ட.
அய்யோ, அங்கல்ல, இந்தப் பக்கம்."

முடிந்ததும் வழக்கம்போல ஏழு வண்டி கிளம்பவில்லை.
மூன்று மணிநேர ரேடியோவுக்கு
பேட்டரி செத்துத்தான் போகும்.
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு.
கேபிளோடு ஷிஜு ஓம்னியிடம் போனான்.
"அவசரமில்லே தம்பி" என்றார்.
பின்கதவு இன்னும் திறந்திருந்தது.

நாங்கள் போய் டிரம்களைக் கவிழ்த்தோம்.
பதினொன்று.
எட்டாவது ஏற்கெனவே காலி.