உச்சிப்புளி ரயில்வே கேட்

இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து
இறங்கி வருகிற உண்மை
மண்டபம் கரையைத் தொடும்போது
கொசுவின் முனகலைவிட மெலிந்திருக்கும்.

அதை மூடிவிடப் பெரிய பொய் தேவையில்லை.
ஐஸ் கம்பெனி மொட்டைமாடியில்
தார்ப்பாய்க்குள் ஒரு பெட்டி,
ஒரு ஆண்டெனா,
காகம் உட்காராதிருக்கக் கட்டிய
கிழிந்த வலைத்துண்டு.

இரவு இரண்டு நாற்பது. கச்சான் காற்று.
முயல் தீவுப் பக்கமிருந்து வந்தது அது:
நாலு விசிறி, விளக்கில்லை,
வயிற்றில் டேப் சுற்றிய பொட்டலம்.
யார் அனுப்பியது என்று எனக்குச் சொல்லவில்லை.

முதலில் உண்மையைத்தான் சொன்னேன்.
வானம் சொல்கிற அதே எண்கள், அதே நொடி,
கொஞ்சம் சத்தமாக.
நம்பியது.
அப்புறம் ஒரு பாகம் முந்திச் சொன்னேன்.
பத்து பாகம்.
ஒரு மைல்.
போக வேண்டிய இடம் உச்சிப்புளி போல.
வந்துவிட்டாய் என்றேன்.
வேதாளை உடைமரக் காட்டில்
மெல்ல, பத்திரமாக, இறங்கி உட்கார்ந்தது.
'சேர்ந்தாயிற்று' என்று
அதன் நினைவில் பதிந்திருந்தது.

மேலதிகாரி போனில் "ம்" என்றார்.

காலை ஏழரைக்கு மஞ்சள் பையோடு ரெமிஜியுஸ்.
"ஜி.பி.எஸ் ரிப்பேர் பாக்குற ஆபீஸ் இதானே, மேடம்?"
ஆண்டெனாவைப் பார்த்து வந்திருக்கிறார்.
சைக்கிள் டியூப் சுற்றிய கருவியை நீட்டினார்.

"ரெண்டே முக்கா இருக்கும்.
வலை பாதி தண்ணியில.
உச்சிப்புளி ரயில்வே கேட்டுல நிக்கிறோம்னு காட்டுது.
போட்ல அஞ்சு பேரு, ஒருத்தனும் சிரிக்கல.
லைன் எந்தப் பக்கம்னே தெரியல.
வலைய அறுத்து விட்டுட்டு
எஞ்சின நிப்பாட்டிக் கெடந்தோம், விடியட்டும்னு."

கையில் வாங்கிப் பார்த்தேன்.
இப்போது சரியாக மண்டபம் என்றது.
"பேட்டரியா இருக்கும்" என்றேன்.
இந்தப் பொய்க்கு
யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை.

"நேத்துதான மாத்துனேன்" என்றவர்
திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
"போன வருசம் மன்னார் கோர்ட்ல
கோட்டத் தாண்டுனியான்னு கேட்டாக.
அன்னைக்கே இது இப்படிக் காட்டியிருந்தா
ஐயா, கேட் போட்டிருந்துச்சு,
ரயிலுக்கு நின்னோம்னு சொல்லியிருப்பேன்."

அவர் மட்டும் சிரித்தார்.

வலை என்ன விலை என்று கேட்டேன்.
சொன்னார்.
இரவுப் பதிவேட்டில்
அதற்கென்று கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்,
பென்சிலால்.